நோர்மல் றிப்போட்

2025 மே 5, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். ஒன்பது வருடம் ஊர் பேசியது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி நான் எழுதுவேன், ஊர் வாசிக்கட்டும்.

இன்று பாடசாலை விட்டு ஒரு அலுவலாகச் செங்கலடிக்குப் போனேன். சந்தியில், சப்பாத்துக் கடை வாசலில் றபீக்கா. பக்கத்தில் அவளுடைய மகன். முன்பல் இரண்டும் விழுந்த வாய். ஒரு காலில் புதுச் சப்பாத்து, மற்றக் காலில் பழைய செருப்பு. அப்படியே தெருவோரத்துக்கு ஓடி வந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்க வந்தவள் என்னைக் கண்டாள். முகத்தைத் திருப்பவில்லை. கோபமும் இல்லை. போகிற வருகிற யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, குனிந்து, பையனின் சப்பாத்து நுனியை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

கோபப்பட்டிருக்கலாம். பதினொரு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவனுக்கு அவ்வளவாவது கிடைக்க வேண்டாமா?

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மீராசாஹிப். எங்கள் பாடசாலையில் முன்பு எழுதுவினைஞராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சந்தி சந்தியாக நிற்பதுதான் உத்தியோகம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“என்ன மாஸ்டர், றிப்போட் சட்டைப் பைக்குள்ள இரிக்கா, வீட்டில வெச்சிட்டு வந்திட்டீங்களா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கவில்லை. ‘நோர்மல் மாஸ்டர்’ என்றுதான் எனக்கு ஊரில் பெயர். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். இருபத்திரண்டு வருடம் உயிரியல் படிப்பித்ததற்கு ஏறாவூர் தந்த பட்டம்.

ஆகவே ஒரு அறிக்கை எழுதப் போகிறேன். ஊரின் முகநூல் பக்கத்தை முப்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். அதில் என் முழுப் பெயரோடும் பட்டத்தோடும் போடுவேன். உண்மைகளை முதலில் இங்கே ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன்.

2005இல் றபீக்காவைக் கலியாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அங்கே போக வேண்டும். போனேன். ஐந்து வருடம் பிள்ளை இல்லை. 2010இல் மட்டக்களப்பு நகரத்தில் நான் பரிசோதனை செய்தேன் – எத்தனை ஆண்கள் செய்வார்கள்? – விந்தணு மில்லிலீற்றருக்கு அறுபத்திரண்டு மில்லியன், அசைவு சரி, வடிவம் சரி. கீழே ஆங்கிலத்தில் ஒரே சொல்: நோர்மல். அதன்பிறகு ஆறு வருடம் பொறுத்தேன். 2016இல் தலாக். அதே பையோடு வெளியே வந்தேன். உம்மாவின் வீடு தங்கை றஸீனாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அதன் பின்பக்க அறையில் அன்றிலிருந்து இருக்கிறேன். ஆணுக்கு எங்கள் ஊரில் வீடு கிடையாது. மனைவி வீடு, இல்லையென்றால் தங்கை வீடு.

2018இல் றபீக்கா ஓட்டமாவடியில் மனைவி மௌத்தாகித் தனித்திருந்த ஒருவரை முடித்தாள். ஒரு வருடத்துக்குள் பிள்ளை. முப்பத்தாறு வயதில்!

என் றிப்போட் நோர்மல். அப்படியானால் வேறென்ன விளக்கம்? என்னோடு இருந்த காலம் முழுக்கப் பிள்ளை தங்காமல் மாத்திரை போட்டிருக்கிறாள். இதை அப்போதே நாலு பேரிடம் சொன்னேன். இப்போது எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

மே 6, செவ்வாய்

முதல் வரிக்கே அரை மணித்தியாலம். ‘சமூகத்தின் மனச்சாட்சிக்கு’ என்று தொடங்கினேன். மேடைப் பேச்சுப்போல் இருக்கிறது. வெட்டிவிட்டேன்.

மே 16, வெள்ளி

இர்ஷானா பாடசாலைக்கு வந்திருந்தாள். 2013 உயர்தரத் தொகுதி. மூன்றாவது வாங்கில் இருந்து எதற்கெடுத்தாலும் “ஏன் சேர்?” என்று கேட்பவள். செய்முறைக் கொப்பியில் ‘கவனம் போதாது’ என்று நான் எழுதிய ஞாபகம். இப்போது வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நான் போக வேண்டிய இடம். எனக்குக் கிடைத்த அனுமதியை, வாப்பாவின் நோயைச் சொல்லி, 2003இல் விட்டேன். உண்மைக் காரணத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, பிறகு வகுப்பில் விடை சொல்வதுபோலச் சொன்னாள். விந்தணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் எல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை கிடைக்காத ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விந்தணுவில் பரம்பரையலகுகளின் மேல் ஒட்டியிருக்கும் இரசாயனக் குறிகளைப் பார்க்க வேண்டும். எபிஜெனெடிக் குறிகள். நான் ஒரு பாடவேளையில் பாதி நேரம் படிப்பிக்கும் விசயம். பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

ஆண்கள் யாரும் முன்வருவதில்லையாம். “பள்ளிவாசல்ல அறிவிக்க ஏலா, கடையில ஒட்ட ஏலா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா செல்லுங்க சேர்” என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தெரிஞ்ச ஆக்கள்! இவளுக்கும் என் பட்டப்பெயர் தெரியும். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

பின்னேரம் யோசித்தேன். ஏன் கூடாது? 2010இல் இல்லாத பரிசோதனை. அதிலும் நோர்மல் என்று வந்தால் அறிக்கையில் இன்னொரு பந்தி. மீராசாஹிப் வாயைத் திறக்க முடியாது.

நானே வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். “சரி சேர்” என்றாள், ஒன்றும் கேட்காமல்.

மே 20, செவ்வாய்

செங்கலடியில் ஒரு மாடி அறை. மாதிரிப் போத்தலில் பெயர் இல்லை, ஒரு இலக்கம் மட்டும். 17. படிவத்தில் நிறையக் கேள்விகள். புகைத்தீர்களா? ஓம், இரகசியமாகப் பதின்மூன்று வருடம். வயலில் கிருமிநாசினி அடித்தீர்களா? வாப்பாவின் வட்டையில் ஒவ்வொரு போகமும், கலியாணம் முடிக்கும் வரை. ஒழுகும் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு, வெறும் காலோடு. பிள்ளைகள் எத்தனை? அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். முடிவை அறிய விரும்புகிறீர்களா? ஓம் என்று அடையாளமிட்டேன்.

நாற்பத்தொன்பது வயது. கதவுக்கு வெளியே முச்சக்கரவண்டிகளின் சத்தம். இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் றிஸான் வந்தான். றஸீனாவின் மூத்த மகன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. கலியாணம் முடித்து ஆறு வருடம், மனைவி ஸாதியாவின் வீட்டில் இருந்தவன். இன்று தோளில் பை. நான் கண்டதும் விளங்கிக்கொண்டேன். அந்தப் பை எப்படித் தொங்கும் என்று எனக்குத் தெரியும்.

என் அறையில் இன்னொரு பாய் விரித்தாயிற்று.

உள்ளே வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். “நீங்க செல்லித் தந்த மாதிரியே எடுத்திட்டன் மாமா. பாருங்க. எல்லாம் நோர்மல்.”

பார்த்தேன். நாற்பத்தெட்டு மில்லியன். போன நோன்புக்கு முதல், பிள்ளை இல்லையென்று மாமியார் வீட்டில் குத்திக் கதைக்கிறார்கள் என்று அழாக்குறையாக வந்தபோது நான்தான் சொன்னேன்: ‘கையில ஒரு தாள் இரிக்கோணும். தாள் இருந்தா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.’ ஒரு ஆளாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறான். உள்ளுக்குள் ஒரு சந்தோசம். மறைக்கவில்லை, எழுதிவைக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடியக் காதி நீதிபதியிடம் தலாக்குக்குப் போகப் போகிறானாம். றஸீனா அடுப்படியில் நின்று அழுதாள். இரண்டு பக்கமும் பேசினாள்: அந்தப் பிள்ளை பாவம் என்று ஒரு தடவை, என் மகனுக்கும் ஒரு பிள்ளை வேணாமா என்று இன்னொரு தடவை. அவள் புருசன் கட்டாரில் இருந்து அழைத்து, உன் காக்காவிடம் கேள் என்றானாம். என்னிடமா!

ஜூன் 7, சனி. பெருநாள்

தொழுதுவிட்டு வந்து வெளிக் கதிரையில் இருந்தேன். யாரும் என்னைத் தேடி வரும் பெருநாள் இல்லை இது. வந்தவர்கள் றஸீனாவிடம் வந்தார்கள்; போகும்போது எனக்கு ஒரு ஸலாம்.

பதினொரு மணிபோல ஸாதியா வந்தாள். தனியாக. மாமியாருக்கு வட்டிலாப்பம் கொண்டு வந்திருந்தாள். றிஸான் அறைக்குள் இருந்தான், வெளியே வரவில்லை. றஸீனா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போகும்போது அவள் என் கதிரைக்கு முன்னால் நின்றாள். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கண்ணை நிமிர்த்தி நேரே பார்த்தாள்.

“மாமா, அவர் ஒரு தாள் காட்டினாரு. உங்களிட்ட படிச்ச பிள்ளதானே நான், வாசிச்சன். அதில அவர்ர பேர் இரிக்கு, அவர்ர வயசு இரிக்கு. என்ட பேர் எங்க இரிக்கு?”

நான் என்ன சொன்னேன்? “உள்ளுக்கு வா மகள், வெயில்” என்றேன்.

அவள் போய்விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

அறிக்கை நாலு பக்கம் வந்துவிட்டது. மாத்திரைப் பந்தியை இன்னும் கூர்மையாக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

காதி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசினார். றிஸானின் பக்கத்துக்கு நானும் போனேன். அவசரப்பட வேண்டாம், ஓகஸ்ட் முப்பதாம் தேதி வாருங்கள், அன்றும் இதே முடிவென்றால் பதிவோம் என்றார். ஸாதியாவின் வாப்பா என்னைப் பார்த்து, “படிச்ச மனிசன் நீங்க, நீங்களே செல்லுங்க” என்றார். நான் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் படிக்கவில்லை. தாள் என்றால் தாள்தான் அவருக்கு.

வரும் வழியில் ஓட்டோவுக்குள் றிஸானின் பக்கத்தில் இருந்தேன். போனில் யாருடைய செய்தியையோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தான். ஸாதியாவின் செய்தி என்று எனக்குத் தெரியும். பார்க்காதது போல் இருந்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இர்ஷானா அழைத்திருந்தாள். மாடி அறைக்கு மீண்டும் போனேன். பேனையும் கொப்பியும் கொண்டு போனேன், அறிக்கைக்குக் குறிப்பெடுக்க.

ஒரு நீளத் தாளை மேசையில் விரித்தாள். பச்சையிலும் சிவப்பிலும் புள்ளிகள்.

முதலில், இது வைத்தியப் பரிசோதனை இல்லை, ஆய்வு மட்டும்தான் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு:

“எண்ணிக்கை, அசைவு, வடிவம் இப்பவும் நோர்மல்தான் சேர். உங்கட பழைய றிப்போட் பொய் செல்லல்ல. ஆனா அது தலைய எண்ணின றிப்போட். உள்ளுக்க எப்பிடி எழுதி இரிக்கெண்டு அது பாக்கல்ல.”

எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

“சின்ன வயசில குர்ஆன் ஓதப் பழகினத நினைங்க சேர். எழுத்து ஒண்டுதான். மேல ஸபர் குறி போட்டா ஒரு ஓசை, கீழ ஸேர் குறி போட்டா வேற ஓசை. குறி பிழைச்சா ஓதல் பிழைக்கும், எழுத்தில பிழை இல்ல. இதுவும் அப்பிடித்தான்.”

பிள்ளையுள்ள ஆண்களோடு வைத்துப் பார்க்கும்போது என் விந்தணுவில் மிக அதிகமான இடங்களில் குறிகள் மாறிக் கிடக்கின்றன. அடங்கியிருக்க வேண்டிய இடம் திறந்திருக்கிறது, திறந்திருக்க வேண்டிய இடம் அடங்கியிருக்கிறது. சிவப்பெல்லாம் அதுதான். இப்படியானவர்களின் மனைவிமார் கருத்தரிப்பது குறைவு என்று வேறு ஆய்வுகளிலும் வந்திருக்கிறதாம். முடியவே முடியாது என்று இல்லை, கடினம். காரணம் வயதா, புகையா, கிருமிநாசினியா – தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

நான் சும்மா விடுவேனா? இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு வாதம் படிப்பித்தவன். கேட்டேன்: இது இந்த வருட மாதிரி. குறிகள் வயதோடு மாறும் என்று நீயே சொல்கிறாய். முப்பத்துநாலு வயதில் எனக்கு எப்படி இருந்தது என்று இந்தத் தாள் சொல்லுமா?

“சரியான கேள்வி சேர். செல்லாது. 2010ல எப்பிடி இருந்ததெண்டு இனி ஆருக்கும் தெரியா.”

வென்றுவிட்டேன். கொப்பியைத் திறந்தேன்.

அவள் தாளைச் சுருட்டிக்கொண்டே, கணக்கின் கடைசி வரியைச் செய்து முடிப்பதுபோல, குத்தலே இல்லாமல் சொன்னாள்:

“அப்ப அந்த 2010 தாளும் ஒண்டையும் முடிவாச் செல்லல்லதானே சேர்.”

கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. வந்தேன். வழியில் ஆறு வற்றிக் கிடக்கிறது. கரையில் இறால் பிடிப்பவர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு இடத்தில் அரை மணித்தியாலமாவது இருக்க ஆசையாக இருந்தது. அப்படி ஒரு இடம் இந்தக் கரையில் இல்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

பாடசாலைக்கு லீவு போட்டேன்.

இதை எழுதத்தான் வேண்டும். இங்கேயாவது.

2010இல் டொக்டர் அந்தத் தாளைத் தந்தபோது ‘நோர்மல்’ என்பதோடு நிறுத்தவில்லை. கொழும்பிலிருந்து மாதம் ஒரு தடவை வருபவர், உடைந்த தமிழில் சொன்னார்: இது முதல் படி மட்டும். மூன்று மாதத்தில் திரும்பவும் ஒரு தடவை செய்ய வேண்டும். அடுத்த முறை மனைவியையும் உள்ளே கூட்டி வாங்க, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

றபீக்கா வெளியே வாங்கில் இருந்தாள். என் குடையையும் அவள் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு. நான் வெளியே வந்து, “எனக்கு நோர்மல்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். முகம் முழுக்கச் சந்தோசம். எனக்காகச் சந்தோசப்பட்டாள்! பிறகுதான் அந்தச் சொல்லின் மறுபக்கம் அவளுக்கு விளங்கியது. சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. “டொக்டர் வேற என்ன செல்றாரு?”

“வேற ஒண்டுமில்ல.”

அவ்வளவுதான். நான் செய்தது இந்த இரண்டு சொல்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவள் அலைந்தாள். நான் கூடப் போகவில்லை. அவள் உம்மாதான் போனார். இரத்தம், ஸ்கான், மூலிகைக் குடிநீர், நேர்ச்சை. ஒவ்வொரு தடவையும் ஒரு தாளைக் கொண்டு வந்து என் மேசையில் வைப்பாள். எல்லாத் தாளிலும் அதே சொல்தான். நோர்மல். நான் அவற்றை இரண்டு தடவை வாசித்ததில்லை. அவளும் அவற்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரியவில்லை.

இரண்டு பேருக்கும் நோர்மல் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு உயிரியல் ஆசிரியனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை. நான் திரும்பப் போயிருந்தால் இன்னொரு தடவை எண்ணியிருப்பார்கள், வேறு ஏதாவது பார்த்திருப்பார்கள். அந்தச் சொல் கையைவிட்டுப் போயிருக்கும். பயம். அதுக்குத்தான். அதுக்கு மட்டுந்தான்.

மாத்திரை? ஒரு மாத்திரையையும் நான் கண்டதில்லை. ஒரு பெட்டி, ஒரு வெற்று அட்டை – ஒண்டும் காணல்ல. நானாகச் செய்த கதை. அவளுக்குப் பிள்ளை பிறந்த கிழமை, தேத்தண்ணிக் கடையில், மீராசாஹிப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். அந்தக் கதை ஓட்டமாவடிக்குப் போய், அவள் புருசனின் வீட்டில் அவளை இருத்திக் கேள்வி கேட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அறிந்தபோது எனக்குக் கவலை வரவில்லை.

என்ன மனிசன் நான்?

ஓகஸ்ட் 20, புதன்

றிஸானுக்குச் சொல்ல வாயெடுத்தேன். “மழை வரும் போல” என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. றிஸான் வேலைக்குப் போகச் சட்டை அழுத்திக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போட்டுப் போன அதே சட்டை; பைக்குள் இன்னும் இருந்த தாளை எடுத்து ஓரமாக வைத்தான். அந்தத் தாளை அவன் பத்திரமாக வைத்த விதத்தைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது.

“றிஸான், அந்தத் தாள் ஸாதியாவப் பத்தி ஒண்டும் செல்லல்ல. உன்னப் பத்தியும் முழுக்கச் செல்லல்ல.”

அவன் திரும்பவில்லை. “நீங்கதானே செல்லித் தந்தது மாமா.”

“செல்லித் தந்தன். பிழையாச் செல்லித் தந்தன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாடி அறை, சிவப்புப் புள்ளிகள், 2010இல் டொக்டர் சொன்னது, நான் வாங்கில் இருந்தவளிடம் சொன்னது, மாத்திரை. வகுப்பில் பேசுவதுபோல் தொடங்கி எங்கேயோ தடுமாறிவிட்டேன். மின்னழுத்தியின் சூட்டில் சட்டைக் கை கருகிய மணம் வந்தபோதுதான் இருவரும் பார்த்தோம். அவன் அழுத்தியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

“அப்ப எனக்கும் அப்பிடி இருக்குமா மாமா?”

“தெரியா. உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவளுக்கு ஏதும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். ரெண்டு பேரும் ஒண்டாப் போய் டொக்டருக்கு முன்னால இருங்க. ஒருத்தரை வெளிய வாங்கில விட்டிட்டுப் போகாத.”

கதவடியில் றஸீனா நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“ஒன்பது வருஷம் என்ட வீட்டில இத வெச்சிக்கிட்டா இருந்தீங்க காக்கா?”

ஓரத்தில் கிடந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“மாத்திரைக் கதைய நானும் நாலு வீட்டில செல்லியிரிக்கன். என்ட காக்கா பொய் செல்ல மாட்டாரு எண்டு சத்தியம் பண்ணிச் செல்லியிரிக்கன்.” சத்தம் போடவில்லை அவள். பீங்கானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

றிஸான் கருகிய சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

றஸீனா சாப்பாட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் பக்கத்தில் நின்று, கறி போதுமா காக்கா என்று கேட்பாள்.

ஓகஸ்ட் 30, சனி

காதியிடம் போகவில்லை. காலையில் றிஸான் பையைக் கட்டினான். எங்கே என்று நான் கேட்கவில்லை. வாசலில் நின்று, “வாறன் மாமா” என்றான். என் மேல் கோபமா, இல்லையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. போகும்போது தாளைக் கொண்டு போனானா, விட்டுப் போனானா என்று அறையில் தேடிப் பார்த்தேன். இல்லை. டொக்டரிடம் காட்டக் கொண்டு போயிருப்பான். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டு பேரும் ஒன்றாகப் போகிறார்களாம். றஸீனா இதைச் சுவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

செப்டம்பர் 3, புதன்

ஓட்டமாவடிக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு நாளாக யோசனை. இன்று பஸ்ஸும் ஏறினேன். இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கிவிட்டேன். அவள் வாசலில் நான் போய் நின்றால் என்ன நடக்கும்? அயல் வீடுகள் எட்டிப் பார்க்கும். அவள் புருசன் ஏனென்று கேட்பார். பையன் ‘இவர் ஆரும்மா’ என்பான். பாரம் எனக்கு இறங்கும், அவளுக்கு ஏறும். மறுபடியும் என் வசதிக்காகவே ஒரு காரியம்.

திரும்பி நடந்தே வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

நாலு பக்க அறிக்கையை அழித்துவிட்டேன். சமூகத்தின் மனச்சாட்சி, என் பட்டம், மாத்திரைப் பந்தி, எல்லாம் போயிற்று. காலையில் இருந்து புதிதாக எழுதினேன்.

முதலில் எழுதியதில் ஊர், வருடம், ஆசிரியர் வேலை எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். ‘நானும் ஊரின் ஏளனத்தால் பாதிக்கப்பட்டவன்’ என்று ஒரு வரி. அதை எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது, நல்ல வரி. எடுத்தேன். பன்னிரண்டு வரிதான் மிஞ்சியது:

ஒரு ஆணின் றிப்போட்டில் நோர்மல் என்று இருந்தால், அதில் எண்ணிப் பார்த்தவை சரி என்று மட்டுமே அர்த்தம். எண்ண முடியாதவை இன்னும் இருக்கின்றன. அவற்றை இப்போதுதான் வாசிக்கப் பழகுகிறார்கள். அந்தத் தாள் அவன் மனைவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதைக் காட்டித் தன் மனைவியைக் குற்றவாளியாக்கிய ஒருவனை எனக்குத் தெரியும். டொக்டர் திரும்ப வரச் சொன்னதை அவன் அவளிடம் மறைத்தான். பிறகு அவளைப் பற்றி ஒரு பொய்யை ஊரில் விட்டான். அவள் எந்த மாத்திரையும் போடவில்லை. அவளுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. அந்தப் பொய்யைக் கேட்டவர்கள், தயவுசெய்து, நீங்கள் அதைச் சொன்னவர்களிடம் இதையும் சொல்லுங்கள். கலியாணம் முடித்துப் பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள் டொக்டரிடம் இரண்டு பேராகப் போங்கள். தாளை வைத்து யாரையும் அனுப்பாதீர்கள்.

இப்போது பெயர்.

மே மாதம் இதே பக்கத்தில் முழுப் பெயரையும் போட நின்றவன் நான். இன்று போட்டால் ஊர் என்னை மெச்சவும் கூடும். துணிந்த மனிசன் என்று நாலு பேர் எழுதுவார்கள். ஆனால் என் பெயரைப் போட்ட அடுத்த நிமிடம் அதற்குக் கீழே யாராவது அவளுடைய பெயரை எழுதுவான். அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது. பாடசாலைக்குப் போகும் மகன் இருக்கிறான். என் மன்னிப்புக்குள் அவளை இன்னொரு தடவை இழுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

பயமும் உண்டு. அதை மறைத்தால் இவ்வளவு எழுதியும் பிரயோசனம் இல்லை. நாளை மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோருடைய போனும் திறந்திருக்கும். சிலர் என்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கேட்பவனுக்கு நேரில் ஓம் என்று சொல்வேன். எழுத்தில் அவள் இருக்க மாட்டாள்.

பக்கத்தை நடத்துபவருக்கு எழுதிவிட்டேன்: பெயர் வேண்டாம், இப்படியே போடுங்கள்.